பழைய வீடியோ கேமும் அதோட டப்பாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க வீட்டு அலமாரியில ரெண்டு தட்டு முழுக்க பழைய கேம் டப்பாங்கதான். பெருசா பேர் வாங்காத, கொஞ்சம் கிறுக்குத்தனமான கேமுங்கதான் அதுல ஜாஸ்தி. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்க, தம்பி ஃப்ரெண்ட்ஸுங்க எல்லாரும் அத பாத்துட்டு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேக்குறாங்க. அந்தக் கேள்விங்களையும் நான் சொல்ற பதிலையும் இங்க எழுதி வெச்சிருக்கேன்.

கேம்தானே முக்கியம், டப்பால அப்படி என்ன இருக்கு?

1977ல அமெரிக்காவுல அடாரி 2600ன்னு டிவில மாட்டி ஆடுற ஒரு கேம் மெஷின் வந்துச்சு. அதோட மெமரி எவ்வளவு தெரியுமா, 128 பைட். கேபி கூட கிடையாது, வெறும் பைட். நான் இப்ப எழுதுற இந்த ஒரு வரிய தமிழ்ல டைப் பண்ணி அதுக்குள்ள போட்டா பாதியிலயே நின்னுடும். கூடவே வந்த காம்பாட்ங்குற டேங்க் சண்டை கேம் மொத்தமே 2 கேபி. டிவில பாத்தா கட்டம் கட்டமா ரெண்டு பொம்மை, நடுவுல நாலு கோடு, அவ்வளவுதான்.

ஆனா அதோட டப்பாவ பாருங்க. க்ளிஃப் ஸ்போன்னு ஒரு ஓவியர், அடாரியோட ஆரம்பகால டப்பாங்க நிறையவே அவர் வரைஞ்சதுதான். டேங்க், விமானம், புகை எல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறி வர்ற மாதிரி பெயிண்டிங். ஒரு பையன் அத மடியில வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு அப்புறமா டிவிய போட்டான்னா அந்தக் கட்டம் அவனுக்கு டேங்காத்தான் தெரியும், அது நகர்ற சத்தம் கூட வேற மாதிரி கேக்கும். மெஷின்ல போட முடியாத மீதிக் கதைய அந்த அட்டை சொல்லிடுச்சு. அதனால டப்பாவ நான் கேமோட ஒரு பாதியாத்தான் பாக்குறேன், பேக்கிங்கா பாக்குறதில்ல. கீழ வர்ற பதில் எல்லாத்துலயும் இதத்தான் வேற வேற விதமா சொல்லப்போறேன்.

அட்டைப் படத்துக்கும் உள்ள இருக்குற கேமுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கே, அது ஏமாத்து வேலை இல்லையா?

சிலது ஏமாத்துதான், மறுக்க மாட்டேன். ஆனா சிலது வேற ரகம். ஃபாலங்க்ஸ்னு ஒரு விண்வெளி சுடுற கேம், சூப்பர் நிண்டெண்டோங்குற கேம் மெஷின்ல கெம்கோ கம்பெனி வெளியிட்டது, ஜப்பான்ல ஜூம்ங்குற டீம் பண்ணது. விமானம் வரும், சுடணும், இன்னொரு விமானம் வரும், சுடணும், அந்தக் காலத்துல இதே மாதிரி இன்னும் ஏகப்பட்ட கேம் கடையில வரிசையா இருந்துச்சு. இதோட அமெரிக்க டப்பால என்ன இருக்குன்னா, தாடி வெச்ச ஒரு கிராமத்துத் தாத்தா உக்காந்து பாஞ்சோங்குற கம்பி வாத்தியம் வாசிக்கிறாரு. பின்னாடி தூரத்துல சின்னதா ஒரு விண்கலம். அவ்வளவுதான். கேம்ல தாத்தாவும் கிடையாது, பாஞ்சோவும் கிடையாது. கூட்டத்துல தனியா தெரியணும்னு விளம்பரக்காரங்க போட்ட யோசனை அது. இத்தனை வருஷம் கழிச்சும் அந்தக் கேம பத்தி யாராவது பேசுறாங்கன்னா அந்தத் தாத்தாவாலதான்.

மெகா மேன்ங்குற கேமோட கதை இன்னும் பிரபலம். ஜப்பான்ல 1987ல வந்தப்ப அழகான ஒரு குட்டி ரோபோ பையன் படம். அமெரிக்காவுக்கு வந்தப்ப அவசர அவசரமா ஒரு படம் வரைய வெச்சாங்க, அதுல நடுத்தர வயசு ஆளு ஒருத்தர் மஞ்சளும் நீலமுமா டிரஸ் போட்டு, கையில துப்பாக்கியோட, காலு ஒரு பக்கம் கை ஒரு பக்கம்னு நிக்கிறாரு. கேம்ல அவன் கையேதான் துப்பாக்கி! படம் வரைஞ்சவருக்கு யாரும் கேம காட்டலன்னு பாத்தவுடனே தெரியும். 2012ல அந்தக் கேம பண்ண கேப்காம் கம்பெனியே தன்னோட ஒரு சண்டை கேம்ல அந்த அட்டைப்பட ஆள ஒரு கேரக்டராவே கொண்டு வந்துச்சு. எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சு, தப்பா வரைஞ்ச படத்துக்கும் ஒரு உயிர் குடுத்துட்டாங்க.

ஃபீலீஸ்னு சொல்றாங்களே, அது என்ன?

இதுக்குத்தான் கொஞ்சம் நீளமா பதில் சொல்லணும், ஏன்னா இந்தப் பைத்தியம் எனக்குப் புடிச்சதே இதுலதான்.

அமெரிக்காவுல எம்.ஐ.டி.ல இருந்தவங்க சேந்து 1979ல ஆரம்பிச்ச கம்பெனி இன்ஃபோகாம். அவங்க கேம்ல படமே இருக்காது, முழுக்க எழுத்துதான். 'நீ ஒரு ரூம்ல நிக்கிற'ன்னு வரும், நாம 'கதவத் திற'ன்னு டைப் பண்ணணும். 1982ல டெட்லைன்னு ஒரு துப்பறியும் கேம் பண்ணாங்க. பணக்காரர் ஒருத்தர் செத்துக் கிடக்குறாரு, தற்கொலையா கொலையான்னு 12 மணி நேரத்துல கண்டுபிடிக்கணும். எழுதி வெச்சிருந்த விவரம் எல்லாம் டிஸ்க்ல அடங்கல. என்ன பண்ணலாம்னு யோசிச்சு, அடங்காதத பேப்பர்ல அடிச்சு டப்பாக்குள்ள போட்டுட்டாங்க. சாட்சிங்க போலீஸ்கிட்ட சொன்ன வாக்குமூலம், பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட், வக்கீல் எழுதுன லெட்டர், சம்பவம் நடந்த இடத்தோட போட்டோ, ஒரு சின்ன கவர்ல உடம்புக்குப் பக்கத்துல கிடந்த மாத்திரை. டப்பாவப் பிரிச்சு மேஜை மேல பரப்புனா நம்ம கையில ஒரு கேஸ் ஃபைல்! கம்ப்யூட்டர ஆன் பண்றதுக்கு முன்னாடியே நாம துப்பறிவாளர் ஆயிட்டோம். தொட்டுப் பாக்குற சாமானுங்கிறதால அதுக்கு ஃபீலீஸ்னு பேர் வந்துச்சு.

ஜனங்களுக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு, அதுக்கப்புறம் ஒவ்வொரு கேமுக்கும் ஏதாவது ஒன்னு. ஸ்டார்க்ராஸ்ங்குற கேம் பறக்கும் தட்டு வடிவத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பால வந்துச்சு, சஸ்பெண்டட்ல அட்டையிலயே ஒரு பிளாஸ்டிக் முகம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், ஓட்டை வழியா ரெண்டு கண்ணு முறைக்கும். இந்த வடிவத்தையெல்லாம் கடைக்காரங்க அலமாரில எப்படி அடுக்குவாங்க, அதனால 1984ல புஸ்தகம் மாதிரி திறக்குற சாம்பல் கலர் டப்பாவுக்கு மாறிட்டாங்க, ஆனா உள்ள இருக்குற சாமான விடல. விஷ்பிரிங்கர்ல இருட்டுல ஒளிர்ற ஒரு கல்லு. டக்ளஸ் ஆடம்ஸ்ங்குற ஆங்கில எழுத்தாளர் தன்னோட கதைய வெச்சு இவங்களோட சேந்து 1984ல எழுதுன கேம் ஒன்னு இருக்கு, அதுல வீட்டை இடிக்க ஒரு உத்தரவு, பூமிய இடிக்க ஒரு உத்தரவு, ஆபத்து வந்தா ஒன்னுமே தெரியக்கூடாதுன்னு முழுக்க கருப்பா ஒரு அட்டைக் கண்ணாடி, கொஞ்சம் பஞ்சு, அப்புறம் ஒரு காலி பிளாஸ்டிக் கவர். அந்தக் காலி கவர் என்னன்னா கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய விண்வெளிப் படையாம்! காலி கவர்ல ஒரு படையே இருக்குன்னு நம்ப வெக்கிறது எழுத்தோட சக்தி, அவங்க செஞ்ச எழுத்து கேமும் அதே வித்தைதான்.

1986ல வந்த இன்னொரு கேம்ல ஏழு வாசனை இருக்குற ஒரு கார்டு குடுத்தாங்க. கதையில ஒரு இடத்துக்கு வந்ததும் 'இப்ப இந்த நம்பர சுரண்டி மோந்து பாரு'ன்னு கேம் சொல்லும். அதே வருஷம் ஆக்டிவிஷன்ங்குற இன்னொரு கேம் கம்பெனி இன்ஃபோகாம வாங்கிடுச்சு, 1989ல மூடிட்டாங்க. இன்னொன்னும் சொல்லணும், இந்தச் சாமானுங்க திருட்டு காப்பிய தடுக்குறதுக்கும் உதவுச்சு, டிஸ்க காப்பி பண்ணலாம், கவர்ல இருக்குற லெட்டர் இல்லாம பாதியில மாட்டிக்குவீங்க.

அப்ப டப்பா இல்லன்னா முடிக்கவே முடியாத கேம் இருக்கா?

இருக்கு. நிண்டெண்டோவோட ஸ்டார்டிராபிக்ஸ், 1990. தீவுல காணாமப் போன மாமாவத் தேடிப் போற பையன் கதை. டப்பாக்குள்ள மாமா எழுதுன லெட்டர் ஒன்னு நிஜமாவே இருக்கும், சாதாரண லெட்டர் மாதிரிதான் தெரியும். கேம்ல பாதி தூரம் போனதும் 'மாமா லெட்டர தண்ணில நனைச்சுப் பாக்கச் சொன்னார்'னு வரும். கேம்ல இருக்குற லெட்டர இல்ல, கையில இருக்குற லெட்டர! நனைச்சா மறைஞ்சிருந்த எழுத்து தெரியும், அதுல 747ன்னு ஒரு நம்பர் கிடைக்கும், அத போட்டாத்தான் நீர்மூழ்கிக் கப்பல் நகரும். வாடகைக்கு கேம் எடுத்த பசங்ககிட்ட லெட்டர் எங்க இருக்கும், அவங்க அங்கயே நின்னு போனாங்க. பின்னாடி இதே கேம வீ கன்சோல்ல டவுன்லோடா குடுத்தப்ப, டிஜிட்டல் மேனுவல்ல அந்த லெட்டர தண்ணில முக்குற மாதிரி ஒரு அனிமேஷன் வெச்சாங்க. பேப்பர் இல்லாத உலகத்துலயும் அந்த ஒரு நிமிஷத்த காப்பாத்தணும்னு யாரோ ஒருத்தர் உக்காந்து மெனக்கெட்டிருக்காரு, அத நினைச்சா எனக்கு நெஞ்சு நிறைஞ்சுடும்.

பிரபலமான கேம்லயும் இந்த வேலை உண்டு. 1998ல வந்த மெட்டல் கியர் சாலிட்ல ஒரு பொண்ணுகிட்ட ரேடியோல பேசணும், அலைவரிசை எங்கன்னு கேட்டா 'சிடி கவர் பின்னாடி பாரு'ன்னு சொல்லுவாங்க. எல்லாரும் கேமுக்குள்ளயே ஒரு சிடிய தேடிக்கிட்டு இருப்பாங்க. உண்மையில நாம கடையில வாங்கிட்டு வந்த கவரோட பின்பக்கத்துல ஒரு சின்ன படத்துல 140.15ன்னு போட்டிருக்கும். திருட்டு சிடி வெச்சிருந்தவங்க கதி என்னன்னு சொல்லணுமா.

கேசட்ல எல்லாம் கேம் வந்துச்சாமே, அதுல என்ன டப்பா இருக்கப்போகுது?

பிரிட்டன்ல ஸ்பெக்ட்ரம்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர், பாட்டு கேக்குற அதே கேசட்லதான் கேம் வரும். டேப் ரெக்கார்டர்ல போட்டு கீச்சுனு சத்தம் வர வர லோடாகும். போர்ட்ஸ்மவுத்ல ஆட்டோமேட்டானு ஒரு குட்டி கம்பெனி, மெல் க்ரௌச்சர்ங்குறவரு ஆரம்பிச்சது. 1982ல பிமேனியான்னு ஒரு புதிர் கேம் போட்டாங்க, விடைய கண்டுபிடிக்கிறவங்களுக்கு 6000 பவுண்டு பெறுமான ஒரு தங்க சூரியக் கடிகாரம் நிஜமாவே பரிசு. ஆனா விடைய தபால்ல அனுப்புனா பத்தாது, சரியான இடத்துல சரியான நாள்ல போய் நிக்கணும். மூணு வருஷம் யாராலயும் முடியல. கடைசில 1985ல ரெண்டு பேர் கிழக்கு சஸ்ஸெக்ஸ்ல மலைச்சரிவுல வெள்ளையா செதுக்கியிருக்குற குதிரை உருவத்துக்கிட்ட போய் நின்னாங்க, தேதி ஜூலை 22. ஏன் ஜூலை 22? கேம் பேர்லயே பை இருக்கு, நாம ஸ்கூல்ல படிச்ச 22/7 தான் அது! வருஷத்துல அந்த ஒரு நாள் மட்டும்தான் பரிசு.

அதே க்ரௌச்சர் 1984ல டீயஸ் எக்ஸ் மகினா பண்ணாரு. டப்பால ரெண்டு கேசட். ஒன்னுல கேம், இன்னொன்னுல பாட்டும் வசனமும். கம்ப்யூட்டர்ல சத்தம் சரியா வராதுன்னு, இன்னொரு டேப் ரெக்கார்டர்ல அத போட்டு, திரையில எண்ணிக்கை முடியுற நேரத்துல கரெக்டா ப்ளே பட்டன நாமளே அமுக்கணும். ஒரு உயிர் கருவாகி, வளந்து, வயசாகி, சாகுற வரைக்கும் கதை. டிவி நடிகர் ஜான் பெர்ட்வீ குரல், பாடகர் இயன் டியூரி குரல் எல்லாம் இருக்கு. 48 கேபி மெஷின்ல! விலை 15 பவுண்டு, மத்த கேசட்டுங்கள விட ரொம்ப ஜாஸ்தி, அதனால பெருசா விக்கல. நான் இத கேட்டுக்கிட்டே ஆடினப்ப கடைசி அஞ்சு நிமிஷம் கண்ணு கலங்கிடுச்சு, திரையில இருந்தது வெறும் புள்ளியும் கோடும்தான்.

விசித்திரமான கேம்னா எவ்வளவு விசித்திரம்? ரெண்டு மூணு சொல்லுங்க.

ஜப்பான்ல 1986ல டைட்டோ வெளியிட்ட தகேஷியோட சவால். நடிகர் தகேஷி கிட்டானோ யோசனையில வந்தது. ஆஃபீஸ் போற ஒரு ஆளு புதையல் தேடிப் போற கதை. நிண்டெண்டோவோட ஃபாமிகாம்ங்குற பழைய கேம் மெஷின்ல ரெண்டாவது கன்ட்ரோலர்ல ஒரு சின்ன மைக் இருக்கும், கேம்ல பாட்டு பாடுற இடத்துல அந்த மைக்ல நிஜமா பாடணும். ஒரு வெத்துப் பேப்பர் கிடைக்கும், அத வெயில்ல காய வெக்கிறேன்னு சொன்னா ஒரு மணி நேரம் கன்ட்ரோலர தொடாம உக்காந்திருக்கணும், ஒரு மணி நேரம்னா கடிகாரத்துல ஒரு மணி நேரம். ஆடுறவங்கள இவ்வளவு தைரியமா சோதிச்ச கேம் ரொம்பக் கம்மி.

அடுத்தது வைப் ரிப்பன், 1999, ப்ளேஸ்டேஷன், மசாயா மட்சூரா பண்ணது. கருப்புத் திரை, வெள்ளைக் கோடு, அதுல கோட்டாலயே வரைஞ்ச ஒரு முயல் நடந்து போகும். பாட்டுக்கு ஏத்த மாதிரி கோடு வளையும், குழி விழும், நாம பட்டன அமுக்கணும், தப்பு பண்ணிக்கிட்டே இருந்தா முயல் தவளையாகும், அப்புறம் புழுவாகும். அருமை என்னன்னா, மொத்த கேமும் மெஷின் மெமரில ஏறிடும், அதுக்கப்புறம் டிஸ்க வெளிய எடுத்துட்டு வீட்ல இருக்குற எந்தப் பாட்டு சிடியையும் போடலாம். நான் ஒரு இளையராஜா சிடி போட்டேன். வயலின் வர்ற இடத்துல அந்தக் கோடு நடுங்குச்சு பாருங்க, நான் அந்த ஒரு பாட்டையே அன்னைக்கு ராத்திரி பூரா ஆடினேன்.

எல்.எஸ்.டி. ட்ரீம் எமுலேட்டர், 1998, ஒசாமு சாட்டோங்குற கலைஞர் பண்ணது. ஒரு பொண்ணு பல வருஷமா எழுதி வெச்சிருந்த கனவு டைரிய அடிப்படையா வெச்சது. ஜெயிக்கிறது, தோக்குறது எதுவும் கிடையாது, நடந்துக்கிட்டே இருக்கணும், எதையாவது தொட்டா வேற கனவுக்குப் போயிடுவோம், அதிகபட்சம் பத்து நிமிஷத்துல முழிப்பு வந்துடும். ஸ்பெஷல் பதிப்போட அந்தக் கனவுங்கள புஸ்தகமாவும் குடுத்தாங்க. கேம விட அந்தப் புஸ்தகத்தத்தான் நான் அதிகம் புரட்டியிருக்கேன்.

டப்பாவே ஒரு சூட்கேஸ் சைஸ்ல இருக்கணும்னா ஸ்டீல் பெட்டாலியன், 2002, கேப்காம். 40 பட்டன் பக்கம் இருக்குற கன்ட்ரோலர், கீழ மூணு பெடல், விலை 200 டாலர். மூடி போட்ட ஒரு எஜெக்ட் பட்டன் இருக்கும், கேம்ல நாம ஓட்டுற ரோபோ வெடிக்கிறதுக்கு முன்னாடி மூடியத் திறந்து அத அமுக்கலன்னா நீங்க சேவ் பண்ணி வெச்சிருந்தது மொத்தமா அழிஞ்சிடும்.

நம்ம ஊர்ல ஏன் இந்த மாதிரி டப்பாவெல்லாம் பாத்ததே இல்ல?

வந்தாத்தானே பாக்க. 90கள்ல நம்ம வீடுங்களுக்கு வந்தது ஃபாமிகாம காப்பியடிச்ச மெஷின்தான், டிவி கேம்னு சொல்வோம், உள்ள போடுறதுக்குப் பேர் கேசட். சென்னையில பர்மா பஜார்ல, ரிச்சி ஸ்ட்ரீட்ல மஞ்சள் கலர் கேசட் தொங்கும், மேல 9999 இன் 1னு ஸ்டிக்கர், உள்ள பத்து இருபது கேம்தான் திரும்பத் திரும்ப வரும். ஸ்டிக்கர்ல இருக்குற படத்துக்கும் உள்ள இருக்குறதுக்கும் சம்பந்தமே இருக்காது. டப்பா கிடையாது, மேனுவல் கிடையாது, ஒரு பாலிதீன் கவர். பெரும்பாலான மெஷின்ல ரெண்டாவது கன்ட்ரோலர்ல அந்த மைக்கும் கிடையாது.

அதனால நாமளா கதை கட்டினோம். கான்ட்ராங்குற சுடுற கேம்ல வர்ற ரெண்டு பேர் யாரு, எதுக்குச் சுடுறாங்கன்னு எங்க தெருவுல ஒவ்வொரு பையனுக்கும் ஒரு கதை இருந்துச்சு. பல வருஷம் கழிச்சு அசல் மேனுவல மொத தடவையா கையில எடுத்துப் படிச்சப்ப எனக்கு ஏற்பட்டது ஒரு விதமான துக்கம், இவ்வளவும் எழுதி வரைஞ்சு வெச்சிருந்தாங்க, நமக்கு வந்து சேரவே இல்லையேன்னு. நான் டப்பா சேக்குறதுக்கு நிஜமான காரணம் அதுதான்.

எமுலேட்டர்ல ஆடினா போதாதா?

எமுலேட்டர்னா பழைய மெஷின் மாதிரியே கம்ப்யூட்டர்ல வேலை செய்யுற ஒரு சாஃப்ட்வேர். ஆடுங்க, தாராளமா ஆடுங்க, நானும் அதுலதான் பாதி ஆடுறேன். வேற வழியும் இல்ல. அமெரிக்காவுல இருக்குற வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 2010க்கு முன்னாடி அங்க வந்த கேமுங்கள்ல 87 சதவீதம் இன்னைக்கு கடையில காசு குடுத்து வாங்குற மாதிரி எங்கயும் கிடைக்கலன்னு. ஆனா ஆடுறதுக்கு முன்னாடி ஒன்னு பண்ணுங்க. இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்குற வெப்சைட்ல பழைய மேனுவலுங்க ஆயிரக்கணக்குல ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க, கேம் பேர போட்டுத் தேடி அத முதல்ல பத்து நிமிஷம் படிங்க, முடிஞ்சா பிரிண்ட் போட்டு மேஜை மேல வைங்க. டெட்லைன அந்த போலீஸ் ரிப்போர்ட் இல்லாம ஆடுறதும் அது இருந்து ஆடுறதும் ரெண்டு வேற கேம்.

இதெல்லாம் லட்சக்கணக்குல போகுதாமே, முதலீடா வாங்கலாமா?

வேண்டாம். 2021 ஜூலைல பிரிக்காத சூப்பர் மரியோ 64 டப்பா ஒன்னு 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போச்சு. அது உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல வித்த பிரபலமான கேம். அந்த மாதிரி டப்பாவ கெட்டியான பிளாஸ்டிக்ல அடைச்சு மார்க் போட்டு வெச்சிடுறாங்க, இனிமே யாரும் பிரிக்க மாட்டாங்க, உள்ள இருக்குற மேனுவல யாரும் புரட்ட மாட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. நான் வாங்குறது மூலை நசுங்குனது, மேனுவல்ல யாரோ ஒரு குழந்தை பென்சில்ல பாஸ்வேர்ட் எழுதி வெச்சிருக்குறது, விலையும் கம்மி. ஜப்பான்ல இருந்து வாங்குறீங்கன்னா பழைய ப்ளேஸ்டேஷன் சிடி கவரோட முதுகுல ஓபின்னு ஒரு பேப்பர் பட்டை சுத்தியிருக்கும், பெரும்பாலானவங்க பிரிச்ச அன்னைக்கே தூக்கிப் போட்டிருப்பாங்க, அது இருக்கான்னு மட்டும் கேட்டு வாங்குங்க.

வாசனை கார்டு இன்னுமா மணக்குது?

எர்த்பவுண்ட்ங்குற கேமுக்குத்தான் இந்தக் கேள்வி அதிகம் வரும். ஜப்பான்ல 1994ல சாதாரண சின்ன டப்பால வந்த கேம், ஷிகேசாட்டோ இட்டோய் எழுதுனது. 1995ல அமெரிக்காவுக்குப் போனப்ப வழிகாட்டி புஸ்தகத்தையும் சேத்துப் போட்டதால டப்பா ரொம்பப் பெருசாச்சு, புஸ்தகத்துல சுரண்டி மோந்து பாக்குற ஸ்டிக்கர் இருந்துச்சு, விளம்பரத்துலயே 'இந்த கேம் நாறுது'ன்னு போட்டாங்க. ஜனங்க அத அப்படியே எடுத்துக்கிட்டாங்க போல, அப்ப விக்கவே இல்ல. மணம் பத்தி கேட்டா, ஒரு ஃப்ரெண்டு வீட்ல நான் பாத்த கார்டுல நல்லா சுரண்டுனா லேசா வந்துச்சு. தயவு செஞ்சு மிச்சம் இருக்குறத சுரண்டாதீங்க.

சென்னை மாதிரி ஊர்ல அட்டை டப்பாவ எப்படிப் பாத்துக்கிறது?

ஈரமும் வெயிலும்தான் எதிரி. ஜன்னல் வெளிச்சம் நேரா படுற இடத்துல வைக்காதீங்க, சிவப்பும் மஞ்சளும்தான் முதல்ல வெளுக்கும், ரெண்டு வருஷத்துல டப்பா முதுகு பூரா நீலமாயிடும். மூடி இருக்குற பிளாஸ்டிக் பெட்டி, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட், மழைக்காலம் முடிஞ்சதும் பாக்கெட்ட மாத்துங்க. ராமபாணப் பூச்சிக்கு மேனுவல் பேப்பர்னா உயிர், மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் புரட்டுனாலே பாதிப் பிரச்சனை தீந்துடும். ரப்பர் பேண்ட் போடாதீங்க, உருகி ஒட்டிக்கும். கிழிஞ்ச மூலைக்கு செல்லோடேப் ஒட்டாதீங்க, மஞ்சளாயி படத்தையும் சேத்து உரிச்சுடும். அல்டிமா மாதிரி கேமுங்கள்ல துணில அச்சடிச்ச மேப் வரும், அத மடிச்சு உள்ள திணிக்காதீங்க, மடிப்புல சாயம் போயிடும். ஒரு பேப்பர் குழாய்ல சுத்தி வைங்க.